பழைய சிங்கர் 201கே, மரக் கேபினட்டோடு: கரண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

தையல்பெட்டி_அடையாறு கேட்டது:

வணக்கம். மரக் கேபினட்டோடு இருக்கும் ஒரு சிங்கர் எலெக்ட்ரிக் மெஷின், இருபது வருஷத்துக்கு மேல் ஓடாமல் நின்றிருக்கிறது. மறுபடி தைக்கிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவசரம் இல்லை. கெடுத்துவிடக் கூடாது, அதுதான் கவலை.

பார்த்தவரை விவரம் இது. தலை கறுப்பு, வார்ப்பிரும்பு, 201கே. தங்கப் பூ வேலை முக்கால்வாசி இருக்கிறது. பேட்ஜில் நீல விளிம்பு, அதில் 1851–1951 என்று இருக்கிறது. வரிசை எண் ஆங்கில ஈ எழுத்தில் தொடங்குகிறது. மோட்டார் தனியாக வெளியே தொங்கவில்லை. வீலுக்குக் கீழே தூணோடு சேர்ந்தே இருக்கிறது, பெல்ட் கிடையாது. தகட்டில் 200–220 வோல்ட். வயர் மேலே துணி சுற்றியது, வளைத்தால் உள்ளிருந்து ரப்பர் கறுப்புப் பொடியாகக் கொட்டுகிறது. பிளக் பழைய இரண்டு பின். காலால் மிதிக்கிற கன்ட்ரோலர் இல்லை. கேபினட்டுக்குள் வலது பக்கம் முழங்காலால் தள்ளுகிற கம்பி இருக்கிறது.

வீலைக் கையால் சுற்றினால் கால் சுற்று வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது.

கேபினட்டில் மேல் பலகையின் முன் ஓரத்தில் வெனீர் ஒரு சாண் நீளத்துக்கு எழும்பியிருக்கிறது, தட்டினால் பொக்கென்று சத்தம். டம்ளர் வைத்த வெள்ளை வளையம் இரண்டு. பின்னங்கால் ஒன்றில் குண்டூசித் துளைகள், தரையில் மாவு மாதிரி தூள்.

வந்து பார்த்த ஒரு மெக்கானிக் மூன்று யோசனை சொன்னார். தேங்காய் எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள், பழைய மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு கடையில் விற்கிற சின்ன மோட்டார் மாட்டலாம், மரத்தை எமரித் தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடலாம். மூன்றில் எதைக் கேட்கலாம்?


சீரீஸ்பல்பு எழுதியது:

மூணும் வேணாம். கரண்ட் விஷயத்தை நான் சொல்றேன், மத்ததை அந்தந்த வேலை தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

முதல்ல அந்த ரெண்டு பின் பிளக்கை வெட்டிப் போடுங்க. வேற யாராவது ஆசைக்குச் சொருகிப் பார்க்கக் கூடாது. ரப்பர் பொடியாக் கொட்டுற வயர்ல செம்பு வெறுமனே நிக்குது. தலை முழுக்க இரும்பு, எர்த் கிடையாது. உள்ளே எங்கேயாவது பேஸ் (கரண்ட் வர்ற வயர்) இரும்பைத் தொட்டா, ஊசி கோக்கிற கையில 230 வோல்ட் இருக்கும்.

மெஷினைப் பத்தி: வரிசை எண் ஈ எழுத்தில ஆரம்பிச்சா ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் தொழிற்சாலை. 201-க்குப் பின்னாடி வர்ற கே, அந்தத் தொழிற்சாலை இருந்த கில்போவிங்கற பகுதியைக் குறிக்குது. அந்தத் தொழிற்சாலை 1980-ல மூடிட்டாங்க. நீல விளிம்பு பேட்ஜ் கம்பெனியோட நூறாவது வருஷத்துக்குப் போட்டது. ஆக உங்க மெஷின் 1951-ஐ ஒட்டினது.

சின்ன மோட்டார் மாட்டுற யோசனை ஏன் ஆகாதுன்னா, உங்களோடது பெல்ட் மோட்டார் இல்ல. மோட்டாருக்குள்ள சுத்தற ஆர்மேச்சரோட நுனியில திருகு மரை மாதிரி ஒரு புழுப் பல், அது வீலோட ஒட்டின பல்சக்கரத்தை நேரா ஓட்டுது. வெளி மோட்டார் திருகி நிறுத்தற மேடையே இந்தத் தூண்ல வார்க்கல. மாட்டணும்னா துளை போடணும், வார்ப்பிரும்பு விரிசல் விடும். தூணோட வர்ற அந்த மோட்டார் நல்ல மோட்டார், வயர் மட்டும்தான் செத்திருக்கு.

இப்ப வேலை. தலையில வந்து சொருகுற மூணு துளை பிளக்ல 1, 2, 3-ன்னு நம்பர் இருக்கும். எந்த வயர் எந்த நம்பர்ல, எது விளக்குக்கு, எது கன்ட்ரோலருக்குன்னு பேப்பர்ல வரைஞ்சுக்கிட்டு போட்டோவும் எடுத்துக்கோங்க. அப்புறம்தான் திருகைத் தொடணும்.

கார்பன் பிரஷ் ரெண்டையும் கழட்டறப்ப மேல், கீழ், எந்தப் பக்கம்னு குறிச்சு வைங்க. பிரஷ் முகம், அது உரசற செம்பு உருளையான கம்யூட்டேட்டரோட வளைவுக்குத் தேஞ்சிருக்கும், திருப்பிப் போட்டா ஓரம் மட்டும் படும், தீப்பொறி பறக்கும். நீளம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தா மாத்தணும். அதே அளவு கிடைக்காட்டி கொஞ்சம் பெரிய மிக்ஸி கார்பனைக் நைசான உப்புத்தாள்ல நாலு பக்கமும் சமமாத் தேய்ச்சுக் குறைக்கலாம். குழல்ல தானா வழுக்கி இறங்கணும், சிக்கக் கூடாது, ஆடவும் கூடாது.

மோட்டாரை வெளியே எடுத்ததும் காயில்லேருந்து வர்ற வயர்களைப் பாருங்க. இங்கதான் நிறைய பேர் கெடுக்கிறாங்க. வயர் வெளியே தடிமனாத் தெரியும், உள்ளே காயிலோட சேர்ற இடத்தில கம்பி தலைமுடி கனம்தான். இழுத்தா அறுந்துடும், அப்புறம் காயிலையே புதுசாச் சுத்தற ரீவைண்டிங்தான். அதனால பழைய வயரை அடியோட பிடுங்காதீங்க. காயில்லேருந்து ரெண்டு, மூணு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சம் ஒட்டியிருக்கிற ரப்பரை நகத்தால உதிர்த்துட்டு, செம்பைச் சுரண்டி, புது சிலிகான் உறை வயரை ஈயம் வெச்சு பத்த வைங்க. 0.5 சதுர மில்லிமீட்டர் போதும். சாதா பிவிசி வயர் உள்ளே வேணாம், மோட்டார் சூட்டுக்கு இளகும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியா, சூடு காட்டினா சுருங்கற ஹீட் ஷ்ரிங்க் குழாய், அது காயில் வரைக்கும் மூடணும். மேலே பருத்தி டேப் சுத்தி, மோட்டார் வார்னிஷ் தடவி ஒரு நாள் காய விடுங்க.

எந்தக் காயில் முனை எந்தப் பிரஷ்ஷுக்குப் போச்சுன்னு அடையாளம் கட்டாயம் வேணும். காயில் முனைகளை மட்டும் மாத்திக் குடுத்துட்டா மோட்டார் எதிர்த் திசையில ஓடும். சரியான திசைன்னா வீலோட மேல் விளிம்பு தைக்கிறவங்களை நோக்கி வரணும்.

கன்ட்ரோலருக்குள்ள கார்பன் வட்டுகளை அடுக்கி வெச்சிருப்பாங்க, இல்லாட்டி சுருள் கம்பி. முழங்கால் கம்பியை விட்டதும் தொடர்பு முழுசா விடுபடணும். விடுபடலேன்னா மெஷின் ஓடாது, ஆனா மோட்டார் முனகிக்கிட்டே சூடாகும். பிரிட்டன் மெஷின்கள்ல ரேடியோ இரைச்சலைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். இத்தனை வருஷத்துப் பேப்பர் கெப்பாசிட்டரை யோசிக்காம எடுத்துடுங்க, அதுதான் புகையும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்ல அதே மதிப்புக்கு எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசின்னு கேட்டா தருவாங்க. ஒரு கால் இரும்புக்குப் போற கெப்பாசிட்டரா இருந்தா அது ஒய்2 வகைதான் இருக்கணும்.

வெளி வயர் மூணு கோர், 0.75 சதுர மில்லிமீட்டர். பேஸ் கன்ட்ரோலர் வழியாப் போகணும். எர்த்தை ரிங் லக் போட்டு, படுக்கைக்கு அடியில பெயின்ட் இல்லாத ஒரு திருகுல இறுக்குங்க. பிளக் 6 ஆம்பியர் மூணு பின், லைன்ல 1 ஆம்பியர் பியூஸ். வீட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச்) இருக்கிற லைன்லயே சொருகுங்க.

முதல் தடவை நேரா மெயின்ல வேணாம். 100 வாட் பழைய குண்டு பல்பை சீரீஸ்ல போட்டுக் குடுங்க, அதாவது கரண்ட் பல்பு வழியாத்தான் மெஷினுக்குப் போகணும். எல்இடி பல்பு இதுக்கு உதவாது. பல்பு முழு வெளிச்சத்தில எரிஞ்சா உள்ளே ஷார்ட். மங்கலா எரிஞ்சு மோட்டார் மெல்லச் சுத்தினா சரி.


ஊசிக்கண் எழுதியது:

அண்ணா சொன்னதில் ஒன்றை முன்னால் நகர்த்துகிறேன். மோட்டாரைக் கழற்றும் முன்பே இறுக்கம் எங்கே என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். வீலின் நடுவில் இருக்கும் சின்னத் திருகுவீலைத் தளர்த்துங்கள், பாபின் சுற்றும்போது தளர்த்துவோமே, அதுதான். தளர்த்திய பிறகு பெரிய வீல் தாராளமாகச் சுற்றினால் மோட்டாரும் பல்சக்கரமும் நன்றாக இருக்கின்றன, தலையில்தான் சிக்கல். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் பக்கம் பாருங்கள்.

கால் சுற்று வந்து டக்கென்று நிற்கிறதா, தேனில் கரண்டி விட்ட மாதிரி இழுத்துக்கொண்டே இறுகுகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு. இழுவை என்றால் எண்ணெய் பிசினாகியிருக்கிறது. டக்கென்று ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் ஊசித் தகட்டுக்கு அடியில் நூலைப் பிடித்துச் சுழலும் ஹூக்கில் நூல் சிக்கியிருக்கும், அல்லது உடைந்த ஊசித் துண்டு கிடக்கும். பலத்தைப் போட்டுச் சுற்றாதீர்கள். ஊசியைக் கழற்றுங்கள், துணியை அழுத்தும் காலைத் தூக்கி விடுங்கள், ஊசித் தகட்டின் திருகுகளை எடுங்கள். பாபின் கேஸ் சுழலாமல் பிடிக்கிற சின்னத் தகடு ஒன்று தெரியும், அதையும் எடுத்தால் பாபின் கேஸ் மேலே வரும். ஹூக்கின் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுத்த நூல் இரண்டு, மூன்று சுற்று கம்பி வளையம் மாதிரி இறுகிக் கிடந்தால், இரும்போடு இரும்பாகத் தெரியும். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊற விட்டு, ஊசி முனையால் ஓரிடத்தில் தூக்கி வெட்டி, மெல்லிய இடுக்கியால் உருவுங்கள். கத்தி முனை ஹூக்கில் படக் கூடாது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் பிறகு தைக்கிற ஒவ்வொரு நூலும் அதில் மாட்டும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது, ஏசி அறையிலும் மார்கழி இரவிலும் மெஷின் இறுகும். அதைவிட மோசம், காலப்போக்கில் பஞ்சுத் தூசோடு சேர்ந்து மஞ்சள் பிசினாகிவிடும். விளக்கெண்ணெய் இன்னும் கெட்டியாகும். நின்றுபோன பழைய மெஷின்களில் பாதிக்குமேல் துரு கிடையாது, சமையலறை எண்ணெய்தான்.

பிசினைக் கரைக்க மண்ணெண்ணெய். கிடைக்காவிட்டால் பெயின்ட் கடை மினரல் டர்பன்டைன். மோட்டாரைக் கழற்றிய பிறகுதான் இது, ஏனென்றால் காயிலுக்கும் வீலோடு இருக்கிற பழுப்பு நிறப் பல்சக்கரத்துக்கும் இது ஆகாது. அந்தச் சக்கரம் உலோகமில்லை, துணியைப் பிசினில் அழுத்திச் செய்தது. ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு, இரும்போடு இரும்பு உரசும் எல்லா இடத்திலும் இரண்டு சொட்டு. முகத் தகட்டைக் கழற்றினால் ஊசித்தண்டு, நூலை இழுக்கும் லிவர் இரண்டும் தெரியும், அங்கே தாராளமாக விடலாம். ஒரு மணி நேரம் விட்டு வீலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். காபி நிறத்தில் வடிவதைத் துடைத்து, மறுபடி விடுங்கள். இரண்டு, மூன்று நாள்கூட ஆகலாம். ஹேர் டிரையர் சூடு உதவும், ஆனால் மண்ணெண்ணெய் ஈரம் இருக்கும்போது கிட்டே கொண்டுபோகாதீர்கள். வடிவது தெளிவாக வந்த பிறகு வெள்ளை மெஷின் ஆயில், துளைக்கு ஒரே ஒரு சொட்டு. மண்ணெண்ணெய் முழுக்க ஆறும் வரை மோட்டாரை ஓட்டக் கூடாது, பிரஷ்ஷில் பொறி வரும்.

தங்கப் பூவைத் துடைக்க மெஷின் ஆயிலும் பஞ்சும் மட்டும். அதன் மேல் பூச்சு அரக்கு. ஸ்பிரிட் பட்டால் பூச்சும் பூவும் சேர்ந்து பஞ்சில் வந்துவிடும். சோப்புத் தண்ணீர், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் இரண்டும் தங்கத்தை வெள்ளியாக்கும்.

ஊசி, வீட்டு மெஷினுக்கான சப்பைத் தண்டு ஊசி. பருத்திக்கு 14, மெல்லிய துணிக்கு 11. டெய்லர் கடை பவர் மெஷினின் உருண்டைத் தண்டு ஊசி உள்ளே போனாலும் போடக் கூடாது, உயரம் மாறி ஹூக்கில் இடிக்கும். ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்கணும். மாறினால் தையல் தாண்டித் தாண்டி விழும்.

பாபின் வாங்கும்போது கவனம். நம் ஊர் கறுப்பு மெஷின்களில் போடுவது இரண்டு பக்கமும் தட்டையான பாபின், அது 15 வகை. 201-க்கு 66 வகை, முகம் லேசாகக் குவிந்திருக்கும், உயரமும் குறைவு. கடையில் சிங்கர் பாபின் என்று மட்டும் கேட்டால் தட்டையானதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பழையது ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பாபின் கேஸைப் பிடிக்கிற அந்தச் சின்னத் தகட்டைத் திரும்ப மாட்டும்போது, அதற்கும் பாபின் கேஸ் முனைக்கும் நடுவே நூல் நழுவிப் போகிற அளவு இடைவெளி இருக்கணும். ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு தையலிலும் டிக் டிக்கென்று சத்தம் வரும், நூல் அடியில் கொத்தாகும்.


இழைப்புளி எழுதியது:

கேபினட்டை இன்னும் யாரும் தொடலைன்னு நினைக்கிறேன். அப்படியே இருக்கட்டும், எமரித் தாளை அது பக்கமே கொண்டுபோக வேண்டாம். மேலே ஒட்டியிருக்கிற வெனீர் காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மெஷின் போட்டு இழைச்சா இரண்டே இழுப்பில் அடிமரம் தெரிஞ்சுடும், அதுக்கு மருந்து கிடையாது.

முதலில் தலையை இறக்கணும். படுக்கையின் பின்பக்கம் இரண்டு கீல் முளைகள், அடியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. தலையைப் பின்னால் சாய்த்து, ஒருத்தர் பிடிச்சுக்க, இன்னொருத்தர் திருகைத் தளர்த்தணும். கிட்டத்தட்ட 15 கிலோ, தனியாப் பண்ணாதீங்க. பல கேபினட்டில் கீலை மரத்தோடு பிடிக்கிற திருகுகள் தளர்ந்து, துளை பெரிசாகி இருக்கும். பெரிய திருகு போட்டு முறுக்கினா மரம் பிளக்கும். மூங்கில் குச்சியைச் சீவி, வஜ்ரம் (தோல், எலும்பில் காய்ச்சுற தச்சுப் பசை) தோய்த்து, துளையில் அடிச்சு, மறுநாள் மட்டமா வெட்டிட்டுப் பழைய திருகையே போடுங்க.

மெருகு என்னன்னு கண்டுபிடிக்க, கண்ணில் படாத அடிப்பக்கத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிஷம் வைங்க. பிசுபிசுன்னு இளகினா அரக்கு. இளகாம தின்னருக்கு இளகினா லாக்கர். அந்தக் காலத்து கேபினட்டில் இரண்டும் பார்க்கலாம். அரக்குன்னா உங்களுக்கு வேலை சுலபம்.

டம்ளர் வளையம் வெள்ளையா இருந்தா ஈரம் மெருகுக்குள் நின்னுடுச்சுன்னு அர்த்தம், மரம் வரைக்கும் போகலை. கறுப்பா இருந்தாத்தான் மரத்தில் இறங்கினது. வெள்ளைக்கு, மல்மல் துணிக்குள் பஞ்சு வைச்சுப் பொட்டலம் கட்டி, ஸ்பிரிட்டில் தொட்டு நல்லாப் பிழிஞ்சிடுங்க. புறங்கையில் வைச்சா சில்லுன்னு இருக்கணும், ஈரம் ஒட்டக் கூடாது. அதை வளையத்தின் மேல் விமானம் இறங்கி ஏறுற மாதிரி ஒரே வீச்சில் தடவி எடுத்துடுங்க. நடுவில் நிறுத்தினா அந்த இடம் ஒட்டிப் பிய்யும். இரண்டு நிமிஷம் விட்டு இன்னொரு வீச்சு. நாலஞ்சு தடவையில் வெளுப்பு போயிடும்.

எழும்பின வெனீரில் பழைய வஜ்ரம் இன்னும் ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா, மேலே பட்டர் பேப்பரும் அதுமேல் ஒரு துணியும் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைஞ்ச சூட்டில் பத்து விநாடி, பத்து விநாடியா வைங்க. வஜ்ரம் இளகி மறுபடி பிடிக்கும். உடனே பலகை வைச்சு, அதுமேல் அம்மி மாதிரி கனமா ஏதாவது ஏத்தி ஒரு நாள் விடுங்க. இஸ்திரிச் சூட்டில் அந்த இடத்து மெருகு மங்கத்தான் செய்யும், பின்னால் அரக்கு தொட்டுச் சரி பண்ணிக்கலாம். பசை உதிர்ந்து போயிருந்தா புது வஜ்ரம் வேணும். துண்டுகளைப் பச்சைத் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊற வைச்சு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைச்சு உருக்கணும். 60 டிகிரி போதும், கொதிச்சா பசைக்குப் பலம் போயிடும். தட்டையான கத்தியால் வெனீரை லேசா நெம்பி, சிரிஞ்சில் உள்ளே விட்டு அழுத்துங்க. ஃபெவிகால் போடாதீங்க. பழைய வஜ்ரத்தின் மேல் அது சரியாப் பிடிக்காது, பிடிச்ச இடத்தில் பின்னால் யாரும் சூடு காட்டிப் பிரிக்கவும் முடியாது.

பின்னங்கால் தூள் மைதா மாதிரி நைசா இருந்தா வண்டு, கரையான் இல்லை. கரையான்னா மண் கோடு இருக்கும். முதலில் அது உயிரோட இருக்கான்னு தெரியணும். தூளைத் துடைச்சுட்டு, கால் அடியில் கறுப்புத் தாள் விரிச்சு ஒரு மாசம் பாருங்க. புதுத் தூள் விழுந்தா உயிரோட இருக்கு. ஒவ்வொரு துளையிலும் ஊசியால் மரப்பூச்சி மருந்து ஏத்தி, அந்தக் காலை பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரு வாரம் வைக்கணும். பூச்சி நின்ன பிறகுதான் தேன்மெழுகால் துளையை அடைக்கணும். முன்னாடியே அடைச்சா அது வேற வழி தோண்டிக்கிட்டு வெளியே வரும். மத்த மரச் சாமான்கிட்டேருந்து கேபினட்டைத் தள்ளியே வைங்க.

கடைசியா அரக்கு பாலிஷ். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில், ஒரு நாள் ஊறட்டும், துணியில் வடிகட்டுங்க. அதே பொட்டலத்தால் மெல்லிசா ஏழெட்டுப் பூச்சு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க. சென்னை மழைக்காற்றில் ஸ்பிரிட் ஆறும்போது ஈரத்தை இழுத்துக்கிட்டு முழுப் பலகையும் பால் மாதிரி வெளுத்துடும். தை பிறந்து, வெயில் ஏறின பிறகு முற்பகலில் பண்ணுங்க.


தையல்பெட்டி_அடையாறு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஊசிக்கண் அக்கா சொன்ன மாதிரி வீல் நடுத் திருகைத் தளர்த்தினேன், பெரிய வீல் தாராளமாகச் சுற்றியது. ஹூக்கில் மூன்று சுற்று கறுப்பு நூல் கிடந்தது. எடுத்ததும் முழுச் சுற்று வந்துவிட்டது, கொஞ்சம் இழுவை இருக்கிறது, மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார் வயர் மாற்றியாகிவிட்டது. சீரீஸ்பல்பு அண்ணாவுக்கு இரண்டு கேள்வி. எலெக்ட்ரீஷியன் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் மோட்டாருக்கும் இரும்புக்கும் நடுவே 0.4 மெகோம் வருகிறது. ரீவைண்டிங் கொடுக்கணுமா? இன்னொன்று, மோட்டாரில் இரண்டு சின்னக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே மெழுகு மாதிரி கெட்டியாக ஏதோ இருக்கிறது. அதில் மெஷின் ஆயில் விடலாமா?


சீரீஸ்பல்பு எழுதியது:

0.4 வெச்சு ஓட்டாதீங்க, ஆனா ரீவைண்டிங்குக்கும் ஓடாதீங்க. 500 வோல்ட் மெக்கர்ல 1 மெகோம்தான் கடைசி எல்லை, நல்ல மோட்டார் அதைப்போல பல மடங்கு காட்டும். அடையாறு காத்துல இருபது வருஷம் நின்ன காயில் ஈரம் குடிச்சிருக்கும். பிரஷ் ரெண்டையும் எடுத்துட்டுத் தனித்தனியா அளந்து பாருங்க. பிரஷ் குழல்ல கார்பன் தூள் படிஞ்சிருந்தாலே அளவு இறங்கும். குழலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல தோய்ச்ச பஞ்சால துடைங்க. அப்புறம் மோட்டாரை ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள கட்டையில வெச்சு, கிட்டே 60 வாட் குண்டு பல்பு ஒண்ணு, அட்டையில படாம தொங்க விட்டு, எட்டு மணி நேரம் எரிய விடுங்க. மேலே ரெண்டு துளை இருக்கட்டும், ஈரம் வெளியே போகணும். கூட இருந்து பார்த்துக்கோங்க. ஆறினப்புறம் மறுபடி மெக்கர். ஏறிக்கிட்டே வந்தா ஈரம்தான், இன்னும் ஒரு நாள் வைங்க. ரெண்டு நாளாகியும் அசையலேன்னாதான் காயில் கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம்.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தா அதே திரவத்தால துடைச்சு, செம்புப் பட்டைகளுக்கு நடுவுல இருக்கிற கோட்டைப் பல் குத்துற குச்சியால சுத்தம் பண்ணுங்க. எமரித் தாள் வேணாம், அந்தத் துகள் கோட்டுக்குள்ள உக்காந்துக்கும்.

அந்தக் குழாய்ல ஆயில் விடவே கூடாது. அது கிரீஸ் குழாய். உள்ளே ஒரு திரி பேரிங்கைத் தொட்டுக்கிட்டு நிக்கும். மோட்டார் சூடாகும்போது கிரீஸ் உருகித் திரி வழியா இறங்கணும், அதுதான் ஏற்பாடு. ஆயில் விட்டா நேரா கம்யூட்டேட்டருக்கு வழிஞ்சு கார்பனோட சேர்ந்து சேறாகும். இப்ப உள்ள இருக்கிறது காஞ்ச பழைய கிரீஸ். திரியை வெளியே எடுத்து ஊற வெச்சுக் கழுவுங்க, நைஞ்சிருந்தா பருத்தித் திரி புதுசா முறுக்கிப் போடுங்க. குழாயில வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி நிரப்புங்க. வண்டிக்குப் போடுற லித்தியம் கிரீஸ் அந்தச் சூட்டுக்கு உருகாது, குழாய்லயே நின்னுடும், பேரிங் காஞ்சு கத்தும். புழுப் பல்லுக்கும் அதே ஜெல்லியை ஒரு பட்டாணி அளவு தடவினா போதும்.

திருப்பி மாட்டும்போது புழுப் பல்லும் சக்கரமும் எவ்வளவு நெருங்குதுன்னு பாருங்க. வீலைப் பிடிச்சு ஆட்டினா மயிரிழை ஆட்டம் தெரியணும். ஆட்டமே இல்லாம இறுக்கிட்டா மோட்டார் உறுமிக்கிட்டு மெதுவா ஓடும், சக்கரம் தேயும். ரொம்ப விட்டா தடதடக்கும்.

இன்னொண்ணு. தகட்டுல 200–220, நம்ம வீட்டுக்கு வர்றது 230, ராத்திரியில இன்னும் ஏறும். இதுக்காக டிரான்ஸ்பார்மர் வேணாம். முழங்கால் கம்பியை முழுசாத் தள்ளி ரொம்ப நேரம் ஓட்டாதீங்க. பத்து நிமிஷம் தைச்சதும் மோட்டார் மேல கை வெச்சுப் பாருங்க. கை வெச்சுக்கிட்டே இருக்க முடிஞ்சா சரி, சுட்டு எடுத்துட்டா ஆற விடுங்க. விளக்குக்கு 15 வாட் பல்புக்குப் பதிலா அதே பேயனட் பிடியில சின்ன எல்இடி போட்டா நெத்தியில சூடு அடிக்காது.


மாம்பலம்_நூல்கண்டு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. இங்கே இருப்பது அமெரிக்காவில் செய்த 201, தகட்டில் 110 வோல்ட். கால் கன்ட்ரோலரை லேசாக மிதித்தால் 230-லேயே மெதுவாக ஓட்டலாம் என்கிறார்களே?


சீரீஸ்பல்பு எழுதியது:

கூடாது. கன்ட்ரோலர் வோல்ட்டைக் குறைக்கிறது ஓடும்போது மட்டும்தான், அதுவும் கால் அழுத்தத்தைப் பொறுத்து. ஒரு தடவை முழுசா மிதிச்சா ரெண்டு மடங்கு வோல்ட் போகும். விளக்கு கன்ட்ரோலர் வழியா வர்றதே இல்ல, சொருகின உடனே வெடிக்கும். 230-லேருந்து 110-க்கு இறக்குற டிரான்ஸ்பார்மர் வாங்குங்க. மோட்டாரும் விளக்கும் சேர்ந்து 100 வாட்டுக்குள்ளதான் வரும், 200 விஏ எடுத்தா சூடாகாம நிக்கும். 50, 60 சைக்கிள் வித்தியாசத்தைப் பத்திக் கவலை வேணாம், இந்த மோட்டார் ஏசி, டிசி ரெண்டுலயும் ஓடும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர்னு விலை குறைச்சுத் தர்றதை வாங்காதீங்க. அதுல உள்ளே வர்ற லைனும் வெளியே போற லைனும் ஒரே சுருள். பேஸ், நியூட்ரல் மாறிச் சொருகினா 110 வயர்லயே தரைக்கு 230 நிக்கும். ரெண்டு தனிச் சுருள் இருக்கிறதான்னு கேட்டு வாங்குங்க. பயணத்துக்கு விக்கிற சின்ன கன்வெர்ட்டர் பெட்டியும் மோட்டாருக்கு ஆகாது.


தையல்பெட்டி_அடையாறு எழுதியது:

இரண்டு நாள் பல்பு சூட்டுக்குப் பிறகு மெக்கர் 12 மெகோம் காட்டியது. சீரீஸ் பல்பில் மெல்லச் சுற்றியது, பிறகு நேராகக் கொடுத்தேன், ஓடுகிறது. திசை சரி. காடாத் துணியில் தையல் இரண்டு பக்கமும் ஒழுங்காக விழுகிறது. கறுப்புத் தாளில் புதுத் தூள் விழுந்திருக்கிறது, எனவே கேபினட் காலுக்கு மருந்து ஏற்றிக் கட்டியிருக்கிறேன். மெருகு வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பு நடுத் திருகைத் தளர்த்தினால் வீல் தனியாகச் சுற்றியது. இப்போது எவ்வளவு தளர்த்தினாலும் ஊசியும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது. பாபின் சுற்ற முடியவில்லை.


ஊசிக்கண் எழுதியது:

மோட்டாரைக் கழற்றும்போது வீலையும் கழற்றியிருப்பீர்கள். நடுத் திருகுக்கு உள்ளே ஒரு வாஷர் இருக்கிறது, அது திரும்பிப் போயிருக்கிறது. வேறு எதுவும் கெடவில்லை.

நடுத் திருகில் ஒரு பொடித் திருகு இருக்கும், அதை முழுக்க எடுக்க வேண்டாம், தளர்த்தினால் போதும். நடுத் திருகைக் கழற்றி வாஷரை வெளியே எடுங்கள். உள் வட்டத்தில் இரண்டு காதுகள், அவை தண்டின் வெட்டில் உட்காரும். வெளி வட்டத்தில் மூன்று காதுகள், அவற்றில்தான் பொடித் திருகின் நுனி தட்டி நிற்கும். உள் காதுகள் லேசாக வெளியே வளைந்திருப்பதைப் பாருங்கள். அந்த வளைவு உங்களைப் பார்க்கணும், வீலைப் பார்க்கக் கூடாது. பழைய எண்ணெய்ப் பிசினைத் துடைத்துவிட்டு வாஷரைப் போட்டு, நடுத் திருகைக் கையால் இறுக்கி, பொடித் திருகையும் இறுக்குங்கள்.

இப்போது இரண்டு சோதனை. இறுக்கியிருக்கும்போது வீலோடு ஊசி நழுவாமல் வரணும். தளர்த்தினால் வீல் மட்டும் சுற்றணும். இரண்டில் ஒன்று சரியாக வராவிட்டால் வாஷரை அதே முகம் வெளியே தெரிய, அரை வட்டம் திருப்பி, எதிர்க் காது எதிர் வெட்டில் உட்காரும்படி போடுங்கள். மூன்று காதுகள் என்பதால் அரை வட்டம் திருப்பினால் பொடித் திருகு தட்டி நிற்கிற இடம் மாறும், அந்த மாற்றத்தில்தான் திருகு போதுமான அளவு தளர இடம் கிடைக்கும். சரியாக உட்கார்ந்ததும் வாஷரின் வெளிமுகத்தில் ஒரு சின்னப் புள்ளி குறித்து வையுங்கள், அடுத்த முறை கழற்றும்போது தேட வேண்டியிருக்காது.